நடுவில் வளர்ந்த ஊர்

சோழிக்கரைக்கு வளர இடமே கிடையாது. கிழக்கே கடல், மேற்கே காற்றடித்தால் இடம் மாறிக்கொள்ளும் செம்மணல் தேரி, வடக்கே ஒரே ஒரு பாலத்தால் தாண்ட முடிந்த உப்பங்கழி, தெற்கே மாதா கோயிலைத் தலையில் சுமந்தபடி கடலுக்குள் இறங்கிப்போகும் கரும்பாறை. இந்த நான்குக்கும் நடுவில் ஒன்பது தெருக்கள் முந்நூறு வருஷமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. முத்து வாங்க வந்தவர்கள் இரண்டு தெருக்கள் போட்டார்கள், சுங்கம் வாங்க வந்தவர்கள் மூன்று போட்டார்கள். பிறகு கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குருவான ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வந்து, கடலைப் பார்த்து ஒரு பங்களா கட்டினார். மாட்டுவண்டிமேல் மரக்கூண்டு வைத்து, வண்டியைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கி, கூண்டுக்குள்ளிருந்தபடியே தன் மனைவியைக் கடலில் குளிக்க வைத்தார். அந்த அம்மாளுக்கு முட்டுவலி போய்விட்டது என்ற செய்தி மதுரை வரைக்கும் பரவியது. அதிலிருந்து சித்திரை பிறந்தால் வக்கீல்களும் ஜட்ஜுமார்களும் மில் முதலாளிகளும் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வந்து இறங்குவதும், அறை கிடைக்காமல் பள்ளிக்கூட வராந்தாவிலும் படகுக் கொட்டகையிலும் படுத்துக்கிடந்துவிட்டுத் திரும்பிப் போவதும் வழக்கமாகிவிட்டது.

ஊர் வளர வேண்டும் என்று ஒவ்வொரு சேர்மனும் மனு எழுதினார். கழியைத் தூர்க்கலாம் என்றார் ஒருவர். தேரியில் தெரு போடலாம் என்றார் இன்னொருவர். போட்ட தெருவை ஆடிக்காற்று மூன்றே நாளில் மூடிவிட்டது. கடைசியில் ஊர் வளர்ந்தபோது, யாரும் நினைத்தும் பார்க்காத இடத்தில், நட்ட நடுவில் வளர்ந்தது.

அந்த நடு இடத்தில், சுங்கத் தெருவில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அக்காவும் தங்கச்சியும் குடியிருந்தார்கள். வடக்கு வீட்டில் அக்கா அமலோற்பவம். கடலில் குளித்துவிட்டு உப்புப் பிசுபிசுப்போடு கரையேறி வருகிறவர்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிடும் கொட்டகை ஒன்று அவளுக்குக் கடற்கரையில் இருந்தது. தெற்கு வீட்டில் தங்கச்சி பிரகாசி. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து மக்ரூன் சுட்டு, வந்தவர்கள் ஊருக்குக் கொண்டுபோகத் தகர டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். இரண்டு பேரும் கணவனை இழந்தவர்கள். அக்காவுக்குப் பிள்ளையில்லை, தங்கச்சிக்கு ஒரே மகன், அவனும் சரக்குக் கப்பலில் ஏதாவது ஒரு கடலில் இருப்பான்.

இரண்டு பேரும் எட்டு வருஷமாகப் பேசுவதில்லை. அவர்களுடைய அம்மா தெற்கு வீட்டில் படுக்கையாகக் கிடந்து, ஒரு மழை நாளின் மத்தியானத்தில் இறந்துபோனாள். உயிர் போன பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வாசலில் நின்று, வந்தவர் போனவர் எல்லாருக்கும் கேட்கும்படி அமலோற்பவம் கத்தினாள்: "நடுவுல ஒத்தச் சுவர்தானேட்டி இருந்துச்சு! ரெண்டு தட்டு தட்டியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? என் அம்மையோட கடைசி மூச்சை எனக்கு இல்லாம ஆக்கிட்டியே!"

"தட்டினேன்" என்று பிரகாசி சொன்னாள். ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை.

எட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, அமலோற்பவம் குடத்தை எடுக்கப் போனவள் சுவரருகே நின்றுவிட்டாள். சுவர் சுவராகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அந்தப்பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் முந்திரி வறுக்கிற வாசம் வரவில்லை, பிரகாசி இருமுகிற சத்தமும் வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். தங்கச்சி வீடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு தெரு கிளம்பிக் கிழக்கே கடல் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக்கு ஆறு வீடாகப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் கடலைப் பார்த்து மாடம் வைத்தவை, எல்லாக் கதவிலும் சாவி தொங்கிற்று, தெருமுனையில் ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிற்று. அந்தத் தெருவுக்கு அக்கரையில், தன் வீட்டுப் படியில், கையில் விளக்குமாற்றோடு பிரகாசி நின்றிருந்தாள். இருவரும் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இனிமேல் அவள் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது என்று அமலோற்பவத்துக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாவட்டத்திலிருந்து சர்வேயர் வந்தார். ஊரை வெளியே சுற்றிச் சங்கிலி பிடித்தார். பழைய அளவு ஒரு அடிகூட மாறவில்லை. உள்ளே பிடித்தார், ஒரு தெரு கூடியிருந்தது. மூன்று நாள் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு, இரண்டு அளவையும் ஒரே தாளில் எழுதி, இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டு, மலைப்பக்கம் எங்கேயாவது மாற்றல் கேட்டு அதே கவரில் வைத்து அனுப்பினார். அவர் பாலம் தாண்டிப் போன அடுத்த நாள் இரண்டாவது தெரு வந்திருந்தது.

வந்த தெருக்களுக்குள் போக ஊர் முதலில் பயந்தது. பெண்கள் தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், நாய்கள் மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. பிறகு கல்யாணமான மூன்றாம் நாள் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு ஜோடி, விஷயம் எதுவும் தெரியாமல், சாவி தொங்குகிறதே என்று ஒரு வீட்டைத் திறந்து தங்கிவிட்டது. அலமாரியில் மடித்த விரிப்பு இருந்தது, மாடத்தில் நின்றால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தூக்கம் அப்படி ஒரு தூக்கம் என்று அவர்கள் டீக்கடையில் சொன்னார்கள். அந்த வாரமே ஊர் மனசு மாறிவிட்டது. வீடு கட்ட இடமில்லாமல் படகுக் கொட்டகைக் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் சில வீடுகளில் ஏறின. மற்ற வீடுகள் விடுதிகளாயின. சேர்மன் தொபியாஸ் ரிப்பன் வெட்டினார், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெரிய பெயர் வைத்தார். ஊர் அந்தப் பெயர்களை ஒரு நாளும் சொல்லாமல் புதுத்தெரு ஒண்ணு, புதுத்தெரு ரெண்டு என்றே கூப்பிட்டது. ஒவ்வொரு தெருவின் முனையிலும் அதற்கென்று ஒரு துண்டுக் கடற்கரை இருந்தது. படகிலிருந்து பார்த்தால் கரை பழைய நீளம்தான், இறங்கி நடந்தால் கால் வலித்தது. மீன்பிடிக்கப் போனவர்கள் இதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பேசினால் தலை சுற்றுகிறது என்றார்கள்.

மூன்று வருஷத்தில் பத்தொன்பது தெருக்கள் வந்தன. எல்லாம் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் வந்தன. ஒரு தெருவின் சந்து அடுத்த தெருவின் சந்துக்கு நேராக இருந்ததே இல்லை, அதனால் வடக்கேயிருந்து தெற்கே போகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் கடல் பக்கமா தேரிப் பக்கமா என்று தேடித்தான் அடுத்ததற்குள் நுழைய முடிந்தது. சந்தைக்குப் போனவர்கள் கீரை வாடிய பிறகு வீடு வந்து சேர்ந்தார்கள். பாறைக்கோயில் மணி வடக்கே கேட்கும்போது தெற்கே பூசை முடிந்திருந்தது. ஒரு கல்யாணப் பெண் ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி இரண்டு மணிக்குக் கோயில் சேர்ந்தபோது மாப்பிள்ளை பசி தாங்காமல் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டு முடித்திருந்தான். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. பாலத்தில் பஸ்கள் வரிசையில் நின்றன, பலூன்காரர்கள் வந்தார்கள், ஒட்டகம்கூட ஒன்று வந்தது. பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அமலோற்பவத்தின் கொட்டகையில் தண்ணீர் ஊற்றி மாளவில்லை. பிரகாசியின் மக்ரூன் பஸ் ஏறி எங்கெங்கோ போயிற்று.

தெருக்கள் ஏன் வருகின்றன என்று ஊர் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. எப்போது வருகின்றன என்பதைத்தான் கவனித்தது. யாராவது ஒருவர், அக்கா உன்னைப்பற்றி இப்படிச் சொன்னாளே என்று தங்கச்சியிடமோ, தங்கச்சி இப்படிச் சொன்னாளே என்று அக்காவிடமோ போய்ச் சொன்னால், மறுநாள் விடியும்போது ஒரு தெரு இருந்தது. சில தடவை யாரும் எதுவும் சொல்லாமலும் வந்தது. சில தடவை மூட்டை மூட்டையாகச் சொல்லியும் வரவில்லை. அதனால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாததாலேயே ஊர் மிகவும் கவனமாக இருந்தது. சாமியார் பிரசங்கத்தில் மன்னிப்பைப்பற்றிப் பேசும்போது பொதுவாகப் பேசினார். கோயிலுக்கும் ஐந்தாம் தெருவில் ஒரு விருந்தினர் இல்லம் வந்திருந்தது.

ஒரு நாள் சேர்மன் தொபியாஸ், தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் பொன்னாடையும் வைத்துக்கொண்டு, ஏழெட்டுப் பேரோடு அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தார்.

"ஊர் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு அக்கா."

"என்னத்துக்கு?"

"நீங்க பேசாம இருக்கதுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தாள்.

"உங்க சங்கடம் எங்களுக்குப் புரியாம இல்லை" என்றார் சேர்மன். "ஆனா நூறு குடும்பம் அந்தத் தெருக்கள்ல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்துட்டீங்கன்னா தெருவெல்லாம் என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியாது. ஆகாமலும் இருக்கலாம். ஆனா பரீட்சை பண்ணிப் பாக்க முடியாது பாத்தீங்களா. அதனால இப்படியே நல்லபடியா இருக்கணும்னு கேட்டுக்கிடத்தான் வந்தோம்."

அவர்கள் போன பிறகு அமலோற்பவம் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாகத் தன் நெஞ்சுக்குள் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபத்தை யாரோ எடுத்துக்கொண்டுபோய் மின்கம்பம் நட்டு, பெயர்ப்பலகை மாட்டிவிட்டதுபோல் இருந்தது. இதே போல ஒரு தட்டு பிரகாசி வீட்டுக்கும் போயிருக்கும், அவளும் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பில் கோபம் வந்தது. அந்தக் கோபம் சொந்தக் கோபமா ஊருக்காக வந்த கோபமா என்று தெரியாமல் அவள் குழம்பினாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்க் கொட்டகையில் குளிக்க வந்த ஒரு வெளியூர்க்காரி பேச்சுவாக்கில் சொன்னாள்: "மக்ரூன் வாங்கலாம்னு கடைசித் தெருவுக்கு நடையா நடந்து போனோம். அந்தம்மா வீடு சாத்திக் கெடக்கு. இருதயத்துல ஏதோ அடைப்பாம். இன்னிக்கு மத்தியானம் வேன் வந்து பாளையங்கோட்டைக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகுதாம். பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு பக்கத்துல பேசிக்கிட்டாங்க."

அமலோற்பவம் ஊற்றிக்கொண்டிருந்த வாளியை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

ஆட்டோக்காரன் கபிரியேல் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "உங்களைத் தெக்கே ஏத்தக் கூடாதுன்னு ஸ்டாண்டுல சொல்லியிருக்கு அக்கா. எங்க விடுதி ரெண்டாம் தெருவுல இருக்கு. நான் என்ன செய்ய?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

முதல் தெரு அவள் வீட்டை ஒட்டியே இருந்தும் மூன்று வருஷத்தில் அவள் அதில் கால் வைத்ததில்லை. கொடியில் வெளியூர்க்காரர்களின் ஈரத்துணிகள் தொங்கின. நாலாம் தெருவில் சந்து தெரியாமல் கடல் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஆறாம் தெருவில் வழி கேட்டபோது, வழி சொல்ல வந்தவள் அவள் முகத்தை அடையாளம் கண்டு வாயை மூடிக்கொண்டாள். எட்டாம் தெருவுக்குள் செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் ஏசவில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறபடியே, கையில் சோப்பு நுரை இருக்கிறபடியே நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நடப்பது மணலில் நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் தெருவில் எஸ்கலின் என்ற பெண் தெரு நடுவில் வந்து நின்றாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். இடுப்பில் துணி சுற்றிய பச்சைக் குழந்தை.

"பெரியம்மா, நீங்க தங்கச்சியைப் பாக்கத்தானே போறீங்க?"

"ஆமாம் தாயி."

"பேசிருவீங்களா?"

"தெரியல. அவ உசிரோட இருக்கையிலே பாக்கணும்."

எஸ்கலின் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வீடு போனாப் போகட்டும் பெரியம்மா. நாங்க கூரைக்கடியில கிடந்தவங்கதான், மறுபடியும் கிடப்போம். இவ இந்தத் தெருவுலதான் பிறந்தா. இந்த வீட்டு உள்ளறையிலதான். தெரு இல்லாமப் போனா, இந்தத் தெருவுல பிறந்த பிள்ளை இருக்குமா, போயிருமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அமலோற்பவம் அங்கே ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போனால் தங்கச்சி போய்விடுவாள், போய்ச் சேர்ந்தால் இந்தக் குழந்தை என்ன ஆகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துப் பார்த்தாள், இரண்டும் கொள்ளவில்லை. குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். சூடாக, நிசமாக இருந்தது.

"எனக்குத் தெரியல தாயி" என்றாள். "ஆனா ஒண்ணு செய். என் வீடு பழைய வீடு. எங்க ஐயா கட்டினது, எந்தத் தெரு போனாலும் அது இருக்கும். நீ பிள்ளையைத் தூக்கிட்டு அங்க போ. கதவு திறந்துதான் கிடக்கு. பிள்ளையை உள்ள படுக்க வை, கூடவே இரு. நான் மெதுவா நடக்கேன். நீ அங்க போய்ச் சேர்றவரைக்கும் நான் அவ வீட்டுப் படி ஏறமாட்டேன்."

எஸ்கலின் வீட்டுக்குள்கூடப் போகாமல் வடக்கே நடக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளைக் கையில் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் குத்துவிளக்கையும் காஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. விடுதிகளிலிருந்து, என்ன ஏது என்று புரியாத வெளியூர்க்காரர்கள் ஈரத் துண்டோடும் பெட்டியோடும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். ஒட்டகக்காரன் ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு வந்தான். மிச்சத் தெருக்கள் எல்லாம் அவளைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருக்க, அமலோற்பவம் ஒருத்தி மட்டும், சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி, தெற்கே போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் போகிறபோக்கில் அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்துவிட்டுப் போனார். பதினாறாம் தெருவுக்கு வந்தபோது எதிரே யாரும் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன, ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, குக்கர் ஒன்று ஆளில்லாத வீட்டில் விசில் அடித்தது. அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

பிரகாசி வீட்டு வாசலில் வேன் நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். எஸ்கலின் போய்ச் சேர்ந்திருப்பாளா என்று மனசுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வெயிலில் நின்றுவிட்டுத்தான் அமலோற்பவம் படி ஏறினாள்.

பிரகாசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அக்காவைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"நடந்தா வந்த?"

"ஆமா."

"தண்ணி குடி. பானையில இருக்கு."

அமலோற்பவம் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா படுத்திருந்த கட்டில் இன்னும் அந்தச் சுவரோரத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"ஏட்டி பிரகாசி, அன்னைக்கு நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

பிரகாசி நிமிர்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில நீ எல்லார் முன்னாலயும் சொன்னியே, அம்மைக்கு உன் கஞ்சி இறங்க மாட்டேங்குது, இனிக் கொண்டு வராதன்னு. அந்தக் கடுப்பில நான் சுவரைப் பாத்து உக்காந்திருந்தேன். நீ தட்டுன. சமாதானம் பேசத்தான் தட்டுதான்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் தட்டட்டும்னு இருந்தேன். அப்புறம் நின்னு போச்சு. நின்னப்புறமும் நான் எந்திரிக்கல."

வெளியே டிரைவர் ஹாரனை லேசாகத் தொட்டான்.

"பதினோரு வருஷம்" என்றாள் பிரகாசி. "பதினோரு வருஷமா நான் தட்டுனது பத்தாதோ, பலமாத் தட்டியிருக்கணுமோன்னு என் கையையே நான் பாத்துட்டு இருந்தேனே அக்கா. அம்மை தலையை மடியில வச்சுக்கிட்டு ஒத்தக் கையால தட்டுனேன். கேக்கலன்னு நெனச்சு என்னையே நான் ஏசிக்கிட்டேன். உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"போ" என்றாள் பிரகாசி. "போயிரு. என் மூஞ்சியில முழிக்காதே."

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, வேனுக்கு நடந்தாள். ஏறி உட்கார்ந்தாள். அமலோற்பவம் தங்கச்சி வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, போய் வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரகாசி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே போக வடக்கே பாலம் ஒன்றுதான் வழி. வேன் பத்தொன்பதாம் தெருவில் நுழைந்தது. தெரு இருந்தது. பதினெட்டு இருந்தது. வரும்போது ஆட்களிடம் கேட்டுக் கேட்டு வந்த டிரைவர், ஆளில்லாத தெருக்களில் கடல் பக்கம் போய்த் திரும்பி, தேரிப் பக்கம் போய்த் திரும்பி, வழி தெரியாமல் வேர்த்தான். திறந்து கிடந்த கதவுகளுக்குள் மற்றவர்களுடைய தொட்டிலும் காலண்டரும் பாதி சாப்பிட்ட தட்டும் தெரிந்தன. பிரகாசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளும் இந்தத் தெருக்களுக்குள் வந்ததில்லை. பத்தாம் தெரு தாண்டியபோது, யாரிடம் என்றில்லாமல், "இவ்வளவு தூரமா" என்றாள். ஐந்தாம் தெருவில் ஒரு பள்ளத்தில் வேன் குதித்தபோது பிரகாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். பிரகாசி அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை, ஆனால் முகத்தையும் திருப்பவில்லை.

பழைய ஊரில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் எஸ்கலின் குழந்தையை மாரோடு அணைத்தபடி இருந்தாள். வேன் வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் தெற்கே பார்த்தார்கள். தெருக்கள் அங்கேயே இருந்தன. சேர்மன் தொபியாஸ் ஓடிவந்து வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பேசிட்டீங்களா?"

"பேசினோம்."

"சமாதானமா?"

அமலோற்பவம் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம்வரை கூட்டம் அங்கேயே நின்றது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக, தரையைக் காலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து, வீடு திரும்பியது. எஸ்கலின் மட்டும் மூன்று நாள் கழித்துத்தான் போனாள். அதற்குப் பிறகு ஒரு தெருவும் வரவில்லை, ஒரு தெருவும் போகவில்லை. சமாதானம் ஆகிவிட்டதால் வரவில்லையா, ஆகாததால் போகவில்லையா, அல்லது தெருக்களுக்கும் அந்த இரண்டு பெண்களுக்கும் முதலிலிருந்தே சம்பந்தமே இல்லையா என்று டீக்கடையில் மூன்று கட்சியாகப் பேசினார்கள். சில நாள் காலையில் ஒரு கட்சியில் இருந்தவர் மாலையில் வேறு கட்சியில் இருந்தார்.

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் முடிந்தது. பிரகாசி பிழைத்துக்கொண்டாள். நாற்பது நாள் அமலோற்பவம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரகாசி கஞ்சியைக் குடித்தாள், தலையைக் காட்டினாள், மருந்தை விழுங்கினாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு நாள், மகன் கப்பலிலிருந்து போனில் கூப்பிட்டு, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, "உன் பெரியம்மை இருக்கா" என்றாள். அமலோற்பவம் வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்கழியில் இருவரும் பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கினார்கள். சேர்மன் தொபியாஸ் செய்தி கேட்டு அங்கே வந்து காத்திருந்தார். இந்தத் தடவை தட்டு இல்லை. மனுஷன் இளைத்திருந்தார்.

"அக்கா, கேக்கேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மாவட்டத்துல இருந்து எழுதிக் கேக்காங்க. ஊர் நிலவரம் எழுதணும். நீங்க ரெண்டு பேரும் இப்போ சேர்ந்துட்டீங்களா, இல்லையா?"

"அதை நாங்களே இன்னும் முடிவு பண்ணல" என்றாள் பிரகாசி. "முடிவு பண்ணினா சொல்லி அனுப்புதோம்."

சேர்மன் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கபிரியேல் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். இப்போது அவனுக்கு யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பையை முன்னால் வைத்துவிட்டு, எந்த வீட்டுக்கு என்று கேட்டான். அமலோற்பவம் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். தங்கச்சியின் வீட்டுச் சாவி அதில்தான் இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று அடித்தது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் கடற்கரைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல எந்த வீடு வரும்?" என்று கேட்டாள் பிரகாசி.

"அக்கா வீடுதான். இங்கருந்து ரெண்டு நிமிஷம். உங்க வீட்டுக்குன்னா பத்தொன்பது தெருவும் சுத்தணும்."

"அப்போ அங்கயே நிறுத்து" என்றாள் பிரகாசி. "எனக்குப் பசிக்குது."